வானம் தந்த சுழற்கிண்ணம்: சௌ கோமகனின் வாழ்க்கை



உங்களுக்குப் பழக்கமான சீன நண்பர் ஒருவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது. சௌ கோங்கைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு எழுந்து போகிறார். எங்கே போகிறார்? வேறெங்கே, படுக்கைக்குத்தான்! தூங்கப் போவதைச் சீனர்கள் இப்படிச் சொல்வதுண்டு. கனவுக்குப் பலன் சொல்லும் அவர்களுடைய பழைய புத்தகத்துக்கும் அதே சௌ கோங்கின் பெயர்தான்.

சரி, யார் இந்த சௌ கோங்? சாமியா? சோதிடரா? இரண்டும் இல்லை. சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் சீனாவில் உண்மையாகவே வாழ்ந்த ஒரு மனிதர். அரச குடும்பத்துப் பிள்ளை. கோங் என்றால் கோமகன். அவருடைய சொந்தப் பெயர் டான். நாடே கைக்கு வந்த பிறகும் அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாதவர். ஆளும் உரிமை ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குச் சீனர்கள் காலங்காலமாக நம்பிவந்த பதிலோடு அவருடைய பெயர் பிரிக்க முடியாமல் சேர்ந்திருக்கிறது. அந்தப் பதில் என்ன, அதற்காக அவர் என்ன விலை கொடுத்தார் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். பிள்ளைகளே, கொஞ்சம் கூடவே வாருங்கள்.

எலும்பிடம் கேட்ட அரசர்கள்

கோமகன் பிறந்த காலத்தில் சீனாவின் பெரிய ராஜ்யம் ஷாங் ராஜ்யம். அதன் கடைசித் தலைநகர், இன்று அன்யாங் என்று சொல்லப்படும் ஊரில் இருந்தது. 1899ஆம் ஆண்டு வாக்கில் சீனாவில் மருந்துக்காக விற்கப்பட்ட பழைய எலும்புகளில் எழுத்து இருப்பதை அறிஞர்கள் கண்டுகொண்டார்கள். 1928 முதல் அன்யாங்கில் முறையாகத் தோண்டினார்கள். இதுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. மாட்டின் தோள்பட்டை எலும்பும் ஆமையின் வயிற்று ஓடும்தான் அதிகம்.

அவற்றில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? எல்லாம் அரசர்கள் முன்னோர்களிடம் கேட்ட கேள்விகள்! மழை வருமா? விளைச்சல் உண்டா? போருக்குப் போகலாமா? ராணிக்கு நல்லபடியாகப் பிள்ளை பிறக்குமா? அரசனுக்குப் பல்லு வலிச்சாக்கூட எந்த முன்னோர் கோபத்தால் வலிக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். எலும்பில் சூடு வைப்பார்கள், அது வெடிக்கும், வெடித்த கோட்டைப் பார்த்து அரசன் பலன் சொல்லுவான்.

இதிலே ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. மேலே தி என்ற பெருந்தெய்வம். மழையும் காற்றும் வெற்றியும் அதன் கையில். இறந்துபோன ஷாங் அரசர்கள் அதற்குப் பக்கத்தில் இருப்பவர்கள். அவர்களோடு பேச வல்லவன் அவர்கள் வம்சத்து அரசன் ஒருவனே. ஆகவே நாட்டை ஆள வேண்டியவனும் அவனே. ரத்த உறவுதான் உரிமை! முன்னோர்களைக் குளிர்விக்க ஆடும் மாடும் மட்டுமல்ல, போரில் பிடிபட்ட மனிதர்களையும் பலி கொடுத்தார்கள். அன்யாங்கின் அரசக் கல்லறைகளைத் தோண்டியவர்கள் ஆயிரக்கணக்கில் பலியானோரின் எலும்புகளைக் கண்டார்கள்.

பலி ஒழுங்காகக் கொடுத்தால் போதும், அரசன் நல்லவனா கெட்டவனா என்பது பெரிய கேள்வியே இல்லை. அப்படிப்பட்ட உலகத்தில்தான் டான் பிறந்தார்.

மேற்கே ஒரு குடும்பம்

ஷாங் தலைநகருக்கு வெகு தூரம் மேற்கே, வெய் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சௌ என்ற சிறிய நாடு இருந்தது. உழவுத் தொழிலில் கெட்டிக்காரர்கள். தங்கள் குலத்தின் முதல் முன்னோரே தினையரசன் என்று சொல்லிக்கொண்டவர்கள். ஷாங் அரசனுக்கு அடங்கியே வாழ்ந்தார்கள்.

அந்த நாட்டை ஆண்ட வென் மன்னருக்குப் பல ஆண் மக்கள். மூத்தவன் இளமையிலேயே காலமாகிவிட, இரண்டாவது பிள்ளை வூ அரசுரிமை பெற்றார். மூன்றாவது பிள்ளை குவான். நான்காவது பிள்ளைதான் நம்முடைய டான். ஐந்தாவது சாய். இந்தப் பெயர்களைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அப்போது ஷாங் சிம்மாசனத்தில் இருந்தவன் தி சின். அவனைப்பற்றிச் சீன நூல்கள் சொல்லும் கதைகள் கொஞ்சநஞ்சமல்ல. மதுவால் குளம் நிரப்பினானாம். மரங்களில் இறைச்சியைத் தொங்கவிட்டுக் காடுபோல் ஆக்கினானாம். புத்தி சொன்ன உறவினரைக் கொன்றானாம். வென் மன்னரைக்கூடச் சில காலம் சிறையில் அடைத்தான் என்கிறார்கள். இதெல்லாம் வென்றவர்கள் பக்கத்திலிருந்து வந்த கதைகள் என்பதை நாம் மறக்கக் கூடாது. தோற்றவனுக்காகப் பேச யார் இருக்கிறார்கள்?

சிறை மீண்டு வந்த வென் மன்னர், பகை தீர்க்கும் முன்னே கண்ணை மூடிவிட்டார். பாரம் பிள்ளைகள் தலையில் விழுந்தது.

ஒரு காலைப் போர்

கி.மு. 1046 வாக்கில் முயே என்ற வெளியில் இரண்டு படைகளும் மோதின. வூ மன்னரின் பக்கத்தில் தம்பி டான் துணை நின்றார். ஒரே காலையில் கதை முடிந்துவிட்டது. தி சின் தன் மாளிகை மேடையில் தீயில் விழுந்து மாண்டான் என்று நூல்கள் கூறுகின்றன.

இது வெறும் கட்டுக்கதையோ என்று கேட்பவர்களுக்கு ஒரு சாட்சி உண்டு. 1976ஆம் ஆண்டு ஷான்சி மாநிலத்தில் வெண்கலப் பாத்திரம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து கிடைத்தது. வூ மன்னர் ஷாங்கை வென்ற நாளின் பெயரை அது சொல்கிறது. அது விடியற்காலை என்றும் சொல்கிறது. ஏழு நாள் கழித்து லி என்ற அதிகாரிக்கு மன்னர் உலோகம் பரிசளித்ததையும் சொல்கிறது. பரிசு வாங்கியவர் அந்த உலோகத்திலே பாத்திரம் வார்த்து, செய்தியைப் பொறித்து வைத்திருக்கிறார். பரிசளிப்பு விழா நடத்துகிற நமக்கு அவர் மகிழ்ச்சி புரியாதா, என்ன?

ஆனால் போரில் ஜெயிப்பது ஒன்று, ஆள்வது வேறொன்று. சௌ மக்கள் கொஞ்சம் பேர். ஷாங் மக்களோ ஏராளம். அதோடு ஒரு பயமும் இருந்தது. ஷாங் முன்னோர்களுக்குப் படையல் நின்றுபோனால் அவர்கள் ஆவி சும்மா இருக்குமா? ஆகவே தி சின்னின் மகன் வூ கெங்கை ஷாங் மண்ணிலேயே வைத்து, முன்னோர் வழிபாட்டை நடத்தச் சொன்னார் வூ மன்னர். அவனைக் கண்காணிக்கக் கூடப்பிறந்தவர்களையே நிறுத்தினார். குவானும் சாயும் அந்தக் காவலுக்குப் போனவர்கள்.

பெட்டிக்குள் வைத்த வேண்டுதல்

வெற்றி பெற்று இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. வூ மன்னர் நோயில் விழுந்தார். நாடு இன்னும் நிலைபெறவில்லை. பட்டத்துக்குரிய மகன் செங் சின்னப்பிள்ளை. டான் என்ன செய்தார்?

மூன்று மேடைகள் கட்டினார். கொள்ளுத் தாத்தா, தாத்தா, அப்பா ஆகிய மூவரையும் நினைத்து வேண்டினார். அண்ணனை விட்டுவிட்டுத் தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். அதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கேட்டால் சிரிப்பும் வரும், கண்ணீரும் வரும். பெரியவர்களுக்குப் பணிவிடை செய்யும் கைத்திறமை அண்ணனைவிடத் தனக்கே அதிகம். ஆகவே மேலுலகில் ஆள் வேண்டுமென்றால் தன்னை அழைத்துக்கொள்வதே அவர்களுக்கு நல்லது என்று நியாயம் பேசினாராம்!

வேண்டுதலை எழுதிய ஏட்டை உலோகப் பட்டை கட்டிய ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார். பார்த்திருந்த அதிகாரிகளை வெளியே மூச்சு விடக்கூடாது என்று கட்டுப்படுத்தினார். மறுநாள் மன்னருக்கு நோய் தணிந்தது என்கிறது நூல். ஆனாலும் பின்னர் அவர் இறந்துதான் போனார். பெட்டி பூட்டியபடியே கிடந்தது.

இந்தக் கதை பழஞ்சீன ஆவணத் தொகுப்பு நூலில் இருக்கிறது. கி.மு. 300 வாக்கில் மூங்கில் சீவல்களில் எழுதப்பட்ட அதன் ஒரு பிரதி, 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கின் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவு பழைய காலத்திலேயே மக்கள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு அது சான்று.

கூடப்பிறந்தவர்களா, நாடா?

சின்னப்பிள்ளை செங் மன்னரானான். அவனுக்குப் பதிலாகச் சித்தப்பா டான் ஆட்சியை நடத்தினார். உடனே ஊர் வாய் சும்மா இருக்குமா? அந்தப் பிள்ளைக்கு அவரால் ஆபத்து என்று வதந்தி கிளம்பியது. கிளப்பியது வேறு யாருமில்லை, சொந்தச் சகோதரர்களே!

குவான் வயதில் டானுக்கு மூத்தவர். தன்னை விட்டுவிட்டுத் தம்பி ஆட்சியைப் பிடித்துக்கொண்டானே என்று அவருக்கு மனம் எரிந்தது. குவானும் சாயும், தாங்கள் யாரைக் காவல் காக்கப் போனார்களோ அதே வூ கெங்கோடு கைகோத்துக்கொண்டார்கள். கிழக்கே பல குலங்களும் சேர்ந்துகொண்டன. நாடு பற்றி எரிந்தது.

யோசித்துப் பாருங்கள். வீட்டுக்குள் சண்டை வந்தால் நாம் என்ன செய்வோம்? ரத்த பாசத்தைப் பார்த்து விட்டுக்கொடுப்போம். ஆனால் இங்கே விட்டுக்கொடுத்தால் போவது தன் சொத்தல்ல. அண்ணன் ஒப்படைத்த பிள்ளையும் நாடும். பிரபுக்கள் பலர் போர் வேண்டாம் என்று தயங்கினார்கள். கோமகன் அப்பா வைத்துவிட்டுப் போன ஆமையோட்டில் குறி கேட்டார். நல்ல குறி வந்ததைச் சொல்லிப் படையைத் திரட்டினார்.

மூன்று ஆண்டுகள் கிழக்கே போர் நடந்தது. வூ கெங் கொல்லப்பட்டான். அண்ணன் குவானுக்கும் மரணம். தம்பி சாய் நாடு கடத்தப்பட்டார். கோமகன் ஜெயித்தார், ஆனால் அம்மா பெற்ற பிள்ளைகளிலே ஒருவரைத் தானே சாகடித்துப் பெற்ற ஜெயம் அது. பிற்காலத்து அறிஞர்கள் பலமுறை விவாதித்த செயல் இது. நியாயந்தான் என்று சொன்னவர்கள்கூட, வருத்தத்தோடுதான் சொன்னார்கள்.

தலைநகரிலோ சின்ன மன்னனுக்குச் சித்தப்பாமேல் இன்னும் சந்தேகம் தீரவில்லை. அறுவடை நேரம். நெருங்கி வளர்ந்திருந்த கதிர்களைப் புயல் அடித்துச் சாய்த்தது. பெரிய மரங்கள் வேரோடு விழுந்தன. மக்கள் நடுங்கினார்கள். ஏதாவது வழி தெரியுமா என்று பழைய ஏடுகளைத் தேடி அந்தப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே சித்தப்பாவின் வேண்டுதல்! அப்பாவுக்காகத் தன் உயிரையே கொடுக்க முன்வந்தவரையா சந்தேகப்பட்டோம் என்று செங் மன்னன் ஏட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவரை வரவேற்கத் தானே புறப்பட்டான். காற்று எதிர்ப்பக்கம் வீசிச் சாய்ந்த கதிர்கள் நிமிர்ந்தன என்று கதை முடிகிறது. கதிர் நிமிர்ந்ததோ இல்லையோ, அந்தக் குடும்பம் நிமிர்ந்தது.

தோற்றவர்களிடம் சொன்ன நியாயம்

இப்போது நாம் விஷயத்தின் நடுவுக்கு வந்துவிட்டோம். தோற்றுப்போன ஷாங் பிரபுக்கள் ஒரு கேள்வி கேட்கலாம் அல்லவா? எங்கள் முன்னோர்கள்தானே மேலே இருக்கிறார்கள், உங்களுக்கு ஆள என்ன உரிமை, வெறும் ஈட்டி பலந்தானே என்று. அதற்குக் கோமகனின் பதிலாக நூல்கள் சொல்வதை நம் பேச்சில் சொல்லிப் பார்ப்போம்.

பள்ளி விளையாட்டுப் போட்டியில் சுழற்கிண்ணம் என்று ஒன்று இருக்கிறது, தெரியுமா? இந்த வருஷம் சிவப்பு இல்லம் ஜெயித்தால் கிண்ணம் சிவப்பு இல்லத்தில் இருக்கும். பெயரும் அதில் பொறிப்பார்கள். அதனால் கிண்ணம் அவர்களுக்கே சொந்தமாகிவிடுமா? ஆகாது! அடுத்த வருஷம் அவர்கள் ஓடாமல் உட்கார்ந்திருந்தால் நீல இல்லம் கொண்டுபோய்விடும்.

ஆளும் உரிமையும் இப்படித்தான் என்றார் கோமகன். ஷாங் அரசர்கள் அதைக் குடும்ப நகை என்று நினைத்துவிட்டார்கள். அது நகை அல்ல, வானம் தந்த சுழற்கிண்ணம். சீன மொழியில் வானத்துக்குத் தியன் என்று பெயர்; அந்த ஆணைக்குத் தியன் மிங் என்று பெயர். நல்லபடி ஆளும் வரைக்கும் ஆணை நிற்கும். மக்களை வதைத்தால் வானம் அதை எடுத்து வேறொருவர் கையில் கொடுத்துவிடும். யார் பேரன் என்று வானம் பார்க்காது. எப்படி நடந்தான் என்றுதான் பார்க்கும்.

இதற்கு ஒரு முன்மாதிரியையும் அவர் எடுத்துக் காட்டினார். ஷாங் குலத்தின் முதல் அரசர் தாங், தமக்கு முன்னிருந்த சியா குலத்தை வீழ்த்தித்தானே ஆட்சிக்கு வந்தார்? அன்றைக்கு உங்கள் பாட்டனுக்கு நியாயமானது, இன்றைக்கு எங்களுக்கு மட்டும் அநியாயமா? தோற்றவர்களின் சொந்தச் சரித்திரத்தையே எடுத்து அவர்கள் முன்னே வைத்தார். மறுத்துப் பேச முடியுமா?

வென்றவனுக்கு வசதியான பேச்சு என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். ஷாங்கிடமிருந்து எடுத்த வானம் சௌவிடமிருந்தும் எடுக்காதா? எடுக்கும் என்று கோமகனே ஒப்புக்கொண்டார். வானத்தை நம்பிச் சும்மா இருக்க முடியாது, நம் ஆட்சி என்றென்றும் நிற்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை என்ற பொருளில் தம் சக அமைச்சரிடம் பேசியதாக நூல் கூறுகிறது. ஜெயித்த கையோடு இப்படிப் பேசிய வெற்றி வீரர்கள் சரித்திரத்தில் எத்தனை பேர், சொல்லுங்கள்!

தோற்றவர்களை அவர் அடியோடு அழித்துவிடவும் இல்லை. ஷாங் அரச குடும்பத்துப் பெரியவர் வெய்சிக்குச் சோங் என்ற நாட்டைக் கொடுத்து, அங்கே ஷாங் முன்னோர்களுக்கு வழக்கம்போல் படையல் நடக்க ஏற்பாடு செய்தார்கள். ஷாங் மக்களில் பலரைக் கிழக்கே புதிதாகக் கட்டிய நகருக்குக் குடிபெயர்த்தார்கள். இன்றைய லோயாங்தான் அந்த இடம். 1963ஆம் ஆண்டு பாவ்ஜியில் கிடைத்த ஒரு வெண்கலப் பாத்திரத்தில் இந்த நகரைப்பற்றி 122 எழுத்துகளில் செய்தி இருக்கிறது. வூ மன்னர் வெற்றிக்குப்பின் வானத்துக்கு அறிவித்ததையும் அது சொல்கிறது. சீனாவின் பெயரான சோங்குவோ, அதாவது நடுநாடு, என்ற சொல்லின் மிகப் பழைய எழுத்து வடிவமும் அதிலேதான் இருக்கிறது.

தம்பிக்கும் மகனுக்கும் மன்னனுக்கும்

சரி, வானத்தின் ஆணை நிலைக்க என்ன செய்ய வேண்டும்? நிறையப் பலி கொடுக்க வேண்டுமா? இல்லை. கோமகனின் பெயரில் வழங்கும் அறிவுரைகளைப் பார்த்தால் எல்லாம் நாள்பட்ட வாழ்க்கை விஷயங்களாகவே இருக்கின்றன.

கடைசித் தம்பிகளில் ஒருவரான காங், பழைய ஷாங் மண்ணை ஆளப் போனார். அவருக்குச் சொன்ன புத்திகளில் முக்கியமானது குடியைப்பற்றியது. ஷாங் கெட்டதே மதுவால்தான் என்பது சௌ மக்களின் உறுதியான எண்ணம். அடுத்த தலைமுறையில் வார்த்த ஒரு பெரிய வெண்கலக் கொப்பரையிலும் அதே குற்றச்சாட்டைப் பொறித்திருக்கிறார்கள். மது படையலுக்கு உரியது. நிலத்திலும் வியாபாரத்திலும் பாடுபட்டுப் பெற்றோரைக் காப்பாற்றி, அவர்கள் மகிழ்ந்திருக்கும் நேரத்தில் அளவாகக் குடித்தால் குற்றமில்லை. கூட்டம் கூடிக் குடிக்கும் சௌ ஆட்களுக்கோ கடுந்தண்டனை. ஷாங் ஆட்கள் குடித்தால் முதலில் கற்றுக்கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தன் ஆட்களுக்குக் கண்டிப்பு, தோற்றவர்களுக்குப் பொறுமை! குடியால் ஒரு வீடு எப்படிக் கெடும் என்று நமக்குத் தெரியும். ஒரு ராஜ்யமே கெட்டது என்று 3,000 ஆண்டுகளுக்கு முன்னே எழுதி வைத்துவிட்டார்கள்.

மகன் போ சின் கிழக்கே லூ நாட்டை ஆளப் புறப்பட்டபோது வேறு பாடம் சொன்னார். அப்பா மன்னர், அண்ணன் மன்னர், அண்ணன் மகன் மன்னர் என்ற பெரிய இடத்தில் பிறந்தும், தலை முழுகும்போது யாராவது தேடி வந்தால் ஈரத்தலையைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்து போவாராம். ஒரே முழுக்கில் மூன்று முறை. சாப்பிடும்போது வந்தால் வாயிலிருக்கும் சோற்றைத் துப்பிவிட்டு எழுந்து போவாராம். ஒரே வேளையில் மூன்று முறை. நல்ல மனிதர் ஒருவரைக் காக்க வைத்து இழந்துவிடுவோமோ என்ற பயந்தான் காரணம். லூ நாடு கிடைத்துவிட்டது என்று யாரையும் அலட்சியம் செய்யாதே என்பதே மகனுக்குச் சொன்ன சாரம்.

இளம் மன்னன் செங்குக்குச் சொன்னது இன்னும் அருமை. விதைப்பும் அறுப்பும் எவ்வளவு கஷ்டம் என்று முதலில் தெரிந்துகொள்; பிறகு ஓய்வைப்பற்றி நினை என்ற கருத்து. பாடுபடும் பெற்றோரின் உழைப்பில் வளர்ந்த பிள்ளைகள் அந்த உழைப்பையே மறந்து, பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஏளனம் செய்கிற வழக்கத்தை அவர் கண்டித்தார். எதிரி குலமான ஷாங்கின் பழைய அரசர்களில் உழைத்தவர்களையும் பெயர் சொல்லிப் பாராட்டினார். சொந்த அப்பா எளிய உடை உடுத்து வயல் வேலையைக் கவனித்ததையும், பொழுது சாயும்வரை சாப்பிட நேரமில்லாமல் இருந்ததையும் நினைவூட்டினார். ஜனங்கள் உன்னை ஏசினால் அவர்களைத் தண்டிக்க ஓடாதே, உன் பிழையைத் தேடு என்ற பொருளிலும் சொன்னார்.

விடியுமுன் எழுந்து வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்க வைத்த தாய் தகப்பன்களே, உங்கள் கஷ்டத்தைத் தெரிந்துகொள்வதே அரசனுக்கு முதல் பாடம் என்று ஒரு கோமகன் சொல்லியிருக்கிறார், பார்த்தீர்களா?

திருப்பிக் கொடுத்த நாள்

ஏழு ஆண்டுகள் ஓடின. செங் வளர்ந்துவிட்டான். சேனை கோமகன் கையில்; புதிய நகரம் அவர் கட்டியது; எதிர்க்க ஆளில்லை. நினைத்திருந்தால் தாமே சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கலாம். யார் கேட்பது?

ஆனால் அவர் என்ன செய்தார்? சீன வழக்கப்படி அரசன் தெற்கு நோக்கி அமர்வான். அமைச்சன் வடக்கு நோக்கி நிற்பான். ஏழு ஆண்டுகள் தெற்கு நோக்கி ஆட்சி நடத்திய மனிதர், இறங்கிவந்து அண்ணன் மகன் முன்னால் வடக்கு நோக்கி நின்றார். வதந்தி பேசிய வாய்களுக்கு அதுவே பதில். ஆட்சி ஓர் ஒப்படைப்பு என்று ஷாங் மக்களுக்குச் சொன்னவர், தன் கையில் இருந்ததை அப்படியே ஒப்படைத்துக் காட்டினார். சொல்வது எளிது, செய்துகாட்டியதால்தான் அந்தச் சொல்லுக்கு உயிர் வந்தது.

அவர் இறந்தபோது செங் மன்னன் அவரை வென் மன்னரின் அருகிலேயே அடக்கம் செய்தான். சித்தப்பாவைத் தன் குடியாக நினைக்கத் தனக்குத் துணிவில்லை என்று காட்டவே அப்படிச் செய்தானாம்.

கனவில் வந்த கோமகன்

கோமகனின் மகன் ஆண்ட லூ நாட்டில், சுமார் 500 ஆண்டுகள் கழித்து, கி.மு. 551இல் ஒரு குழந்தை பிறந்தது. அவர்தான் கன்பூசியஸ். அவருடைய முன்னோர்களோ சோங் நாட்டிலிருந்து வந்தவர்கள், ஷாங் வழியினர் என்பது பாரம்பரியம். கோமகன் தோற்கடித்த குலத்தின் வாரிசு! அந்தக் கன்பூசியஸ் கோமகனையே குருவாகக் கொண்டார். வயதான காலத்தில், கோமகன் தம் கனவில் வந்து வெகுநாள் ஆகிவிட்டதே, தாம் எவ்வளவு தளர்ந்துவிட்டோம் என்று வருந்தினார். சௌ கோங்கைப் பார்க்கப் போவதாகச் சொல்லித் தூங்கப் போகும் வழக்கத்துக்கு அந்தக் கனவுதான் மூலம்.

கோமகன் பயந்தது போலவே நடந்தது. கி.மு. 771இல் யூ மன்னர் பகைவர்களால் கொல்லப்பட்டார். தலைநகர் கிழக்கே லோயாங்குக்கு மாறியது. கி.மு. 256இல் சௌ மன்னர்களின் ஆட்சியை சின் நாடு முடித்துவிட்டது. சுழற்கிண்ணம் கை மாறியது. குலங்கள் மாறினாலும் ஒவ்வொரு குலமும் வானத்தின் ஆணை தனக்கே என்றது. அடாவடிக்காரன் பெயரளவிலும் அரசன் ஆகமாட்டான் என்று மென்சியஸ் என்ற அறிஞர் துணிந்து சொன்னார். பேரரசர்கள் வானத்தின் மகன் என்று பட்டம் சூடி, 1420இல் பெய்ஜிங்கில் கட்டிய கோயிலில் நல்ல விளைச்சலுக்காக வானத்தை வணங்கினார்கள். 1912இல் கடைசிப் பேரரசர் பட்டம் துறந்தபோதுதான் அந்தக் கதை முடிந்தது. ஆனாலும் புரட்சிக்கு இன்றும் சீன மொழியில் ஆணையை மாற்றுதல் என்ற பொருள் தரும் சொல்தான் வழங்குகிறது.

சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, ஹொக்கியன் சீனர் வீட்டு வாசலில் கரும்பு கட்டி வைத்து வணங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பதாம் நாள் தி கோங் என்னும் வானத்துத் தெய்வத்துக்கு உரியது. அந்தத் தி என்ற ஒலியும் கோமகன் பேசிய தியன் என்ற சொல்லும் ஒரே எழுத்துதான். அடுத்த முறை அந்தக் கரும்பைப் பார்க்கும்போது இந்தக் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பரிசு வாங்கும் பிள்ளைகளே! இன்று உங்கள் கையில் இருக்கும் கிண்ணம் நீங்கள் உழைத்து வாங்கியது. வீட்டு அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், தப்பில்லை. ஆனால் அது அப்பாவின் பெயரால் வந்ததல்ல. நாளைக்கும் தானாக வராது. பரிசு வாங்காத பிள்ளைகளே! நீங்களும் முகம் வாட வேண்டாம். கிண்ணம் சுழலும். தூக்கத்தில் சௌ கோங்கைப் பார்ப்பது எல்லாராலும் முடியும். விழித்திருக்கும்போது அவரைப்போல் நடப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான பரிசை வாங்க இன்றே முயலுங்கள்!